சுட்டியன் லொறியேறிய நாள்

இளஞ்சூட்டுத் தண்ணீரில் பால்மாவைக் கொட்டிக் கலக்கும்போது எழுகிற இனிப்பும் புளிப்பும் சேர்ந்த வாடையும், அந்தப் பாலில் நனைத்த விரல்களை அரம் போன்ற நாக்கால் சுற்றிப் பிடித்து ஒரு கன்று உறிஞ்சும்போது முழங்கை வரை ஏறுகிற கூச்சமும்தான், பள்ளிக்கூடம் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவை. புத்தகங்களும் கரும்பலகையும் அதற்குப் பிறகுதான் வரும்.

நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்த புதிதில், நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாமல், தெற்கே மோட்டர்வேயை விட்டு இறங்கி வெங்காயத் தோட்டங்களும் பால்பண்ணைகளும் மாறி மாறி வருகிற ஒரு நீண்ட பாதையோரத்தில், பண்ணைக்காரர் ஒருவரின் பழைய பலகை வீட்டில் இருந்தோம். அப்பா விடியுமுன் பனிமூட்டத்துக்குள் காரை எடுத்துக்கொண்டு பென்ரோஸில் இருந்த ஒரு களஞ்சியத்துக்கு வேலைக்குப் போவார். அம்மாவுக்குப் பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. நான் பள்ளி பஸ்ஸில், பால்வாடை அடிக்கும் பிள்ளைகளோடு, அந்தச் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் ஒன்றேயான உயர்நிலைப் பள்ளிக்குப் போனேன்.

சின்னப் பள்ளிக்கூடம் அது. ஆனால் ஒவ்வொரு டேர்மும், அதாவது பள்ளித் தவணையும், முடிகிற கடைசி வாரத்தில் அது வேறோர் இடமாகிவிடும். ஒரு நாள் முழங்கால் சேற்றில் ஓட்டப்பந்தயம், ஒரு நாள் ஆசிரியர்களுக்கும் மாணவிகளுக்கும் நெட்போல், ஒரு நாள் நாடகம், பூர்வகுடி நடனமாகிய கப்பா ஹாக்காவைக் குழுவினர் தரை அதிர ஆடுகிற பிற்பகல் ஒன்று. எல்லாவற்றுக்கும் முடிவாக வெள்ளிக்கிழமை மண்டபத்தில் பெற்றோரும் கூடியிருக்க, ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு பிள்ளை எழுந்து அந்த டேர்மின் செய்திகளை வாசிக்க வேண்டும். பால்கறவை முடித்து நேரே வந்த தகப்பன்மார் "கம்பூட்ஸ்" என்கிற முழங்கால் வரைக்குமான ரப்பர் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவைத்துவிட்டு, காலுறையோடு உள்ளே வந்து உட்காருவார்கள். அம்மா முதல்முறை அந்த வரிசையைக் கண்டுவிட்டு, "கோயில் வாசல் மாதிரியெல்லே கிடக்கு" என்றார்.

மூன்றாம் டேர்மில் விவசாயப் பாடம் எடுத்தவர்களுக்குக் கன்று வளர்ப்பு. மற்றப் பிள்ளைகளெல்லாம் தங்கள் வீட்டுப் பசுக்கன்றுகளை வளர்த்தார்கள். வகுப்பில் பண்ணை இல்லாத வீட்டுப் பிள்ளை நான் ஒருத்திதான் என்பதால், எங்கள் ஆசிரியர் மிஸ்டர் பார்க்கர் அயல் பண்ணையொன்றில் கேட்டு எனக்கு ஒரு காளைக்கன்றை வாங்கித் தந்தார். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த "பெடொக்"கில், அதாவது வேலியடைத்த புல்தரையில், அது நின்றது. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. முதல் சனிக்கிழமை அப்பா என்னோடு வந்து, வேலியில் சாய்ந்து நின்று கனநேரம் பார்த்தார். "நெத்தியிலை சுட்டி கிடக்கு. சுட்டியன் எண்டு கூப்பிடு பிள்ளை," என்றார். இந்த நாட்டில் அப்பா பெயர் வைத்த முதல் ஜீவன் அது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அவனிடம்தான் போவேன். முதலில் விரலைச் சூப்பக் கொடுத்து, மெல்ல மெல்ல அந்த விரலைப் பால் வாளிக்குள் இறக்கி, அவன் தானாகக் குடிக்கத் தொடங்கியதும் விரலை உருவிவிட வேண்டும் என்று எனக்குக் காட்டித் தந்தவள் ஹானா. எங்கள் பாதையிலேயே இருந்த பால்பண்ணைக்காரரின் மகள், என் ஒரே சிநேகிதி. நான் மற்றவர்களைப்போல ஆங்கிலத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன், அவன் திரும்பவில்லை. ஒருநாள் களைத்துப்போய், "வா ராசா, வா, வா" என்றேன். புல்தரையின் மறுகோடியிலிருந்து நாலுகால் பாய்ச்சலில் வந்து நின்றான். அன்றிலிருந்து எங்களுக்குள் தமிழ்தான்.

கடைசி வாரத்துப் புதன்கிழமை "காஃப் டே", கன்றுகளின் நாள். கன்றுகளைக் கயிற்றில் நடத்திக்காட்ட வேண்டும், உடல் வளர்த்தியைப் பார்ப்பார்கள், முடிவில் கூப்பிடும் போட்டி. கன்றை ஒருவர் ஒரு முனையில் பிடித்திருக்க, வளர்த்த பிள்ளை மறுமுனையில் நின்று கூப்பிட வேண்டும். யாருடையது நேரே, விரைவாக வருகிறதோ அதற்குப் பரிசு. மற்றக் கன்றுகள் வழியில் புல்லை முகர்ந்தன, ஒன்று தலைமையாசிரியரின் கோட்டைச் சப்பத் தொடங்கியது. நான் "வா ராசா" என்றதும் சுட்டியன் பிடித்திருந்தவரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து என்னைச் சேற்றில் தள்ளி, மேலே ஏறி நின்றான். வேலியைச் சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் கேலி இருக்கவில்லை. வேலையிலிருந்து லீவு எடுத்துக்கொண்டு வந்திருந்த அப்பா கைதட்டியதை நான் சேற்றில் கிடந்தபடி பார்த்தேன். முதற்பரிசு ரிப்பனைச் சுட்டியனின் கழுத்தில் கட்டினார்கள்.

அடுத்த நாள் மிஸ்டர் பார்க்கரிடம், விடுமுறையில் சுட்டியனுக்கு யார் பால் வைப்பது என்று கேட்டேன். அவர் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார். பசுக்கன்றுகள் வீட்டு மந்தைக்குத் திரும்பும், காளைக்கன்றுக்குப் பால்பண்ணையில் இடமில்லை, திங்கட்கிழமை லொறி வரும், வடக்கே இறைச்சிமாடு வளர்க்கிற பண்ணைக்குப் போவான் என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். "இது உனக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்," என்றார். இங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்த விஷயம் என்பதால் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஹானாவிடம் போனேன். "நீ அவனுக்குப் பெயர் வைத்திருக்கக் கூடாது," என்றாள். அந்தச் சொல்லுக்காக அவளோடு கதைப்பதை நிறுத்தினேன்.

வீட்டில் அழுதேன். "வளர்க்கச் சொல்லிக் குடுத்துப்போட்டு இப்ப வெட்டவோ கேக்கினம்?" என்று அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார். யாரிடமும் எதையும் கேட்டுப் போகாத மனிதர் அப்பா, குழாய் உடைந்தால்கூடத் தானே கட்டுவார். அன்று சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்காரரான பண்ணைக்காரரிடம் நடந்து போனார். இருட்டுமுன் திரும்பி வந்தார்.

"ஏலாதாம் பிள்ளை," என்றார். "அந்தாள் பிழையாக் கதைக்கேல்லை. காளை வளர வேலி தாங்காதாம். இப்ப வைச்சிருந்தாலும் பிறகும் இதே லொறிதான் எண்டார்."

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் கன்று வளர்ப்புச் செய்தியை வாசிக்க வேண்டியவள், போட்டியில் வென்றவள் என்பதால், நான். எழுதித் தந்திருந்ததை வாசித்துக்கொண்டே போனேன். யார் யாருக்கு என்ன பரிசு, யாருடைய கன்று யாரை உதைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். "இப்போது நம் கன்றுகளெல்லாம் மகிழ்ச்சியாக வீடு திரும்புகின்றன" என்பது கடைசி வரி. அதற்கு முன்னால் நின்றுவிட்டேன். நாடகத்தில் வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிற ஆசிரியை, மெதுவாக அந்த வரியைச் சொன்னார். நான் தலையாட்டினேன். "மற்றக் கன்றுகள் வீட்டுக்குப் போகின்றன," என்றேன். "என்னுடையது திங்கட்கிழமை லொறியில் போகிறது. அதையும் செய்தியில் சொல்ல வேண்டும்." சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். காலுறையோடு இருந்த அந்தத் தகப்பன்மார் தங்கள் கால்களைப் பார்த்தார்கள். யாரும் கைதட்டவில்லை, யாரும் கோபிக்கவுமில்லை. பிறகு நெட்போல் குழுத்தலைவி எழுந்து தன் செய்தியை வாசித்தாள்.

வெளியே வரும்போது மிஸ்டர் பார்க்கர் என்னை நிறுத்தினார். கண்டிக்கப் போகிறார் என்றிருந்தேன். "லொறி காலையில் வரும். உனக்கு விருப்பமென்றால் வா. விருப்பமில்லாவிட்டாலும் சரிதான்," என்றார்.

திங்கட்கிழமை மூவரும் போனோம். அப்பா மீண்டும் லீவு சொல்லியிருந்தார். பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கூடம் வெறிச்சென்று கிடந்தது. லொறிக்குள் வேறு பண்ணைகளில் ஏற்றிய கன்றுகள் கத்திக்கொண்டிருந்தன. வேலியோரம் ஹானா நின்றாள், யாரும் அவளை வரச் சொல்லவில்லை. சுட்டியனின் கழுத்துக் கயிற்றை அவள்தான் பிடித்திருந்தாள். என்னைக் கண்டதும் கயிற்றை என்னிடம் தந்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொண்டுவந்திருந்த திருநீற்றைச் சுட்டியனின் வெள்ளைப் புள்ளிக்கு மேலே பூசினார். லொறிக்காரர் அது என்னவென்று கேட்டார். பயணத்துக்கு, என்று அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு, போகிற இடத்தில் புல் இருக்கிறதா, தண்ணீர் பக்கத்திலா, மழைக்கு ஒதுங்க மரம் உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். லொறிக்காரர் பொறுமையாகப் பதில் சொன்னார். நல்ல புல், ஓடைத் தண்ணீர், இரண்டு கோடை இருப்பான் என்றார்.

பலகைச் சரிவில் ஏற்றப் பார்த்தபோது சுட்டியன் முன்கால்களை ஊன்றிவிட்டான். இழுத்தார்கள், தள்ளினார்கள், நகரவில்லை. லொறிக்காரர் கதவோரம் செருகியிருந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்தார். அவர் கொடுமைக்காரர் அல்ல, எல்லாப் பண்ணையிலும் அப்படித்தான் ஏற்றுவார்கள். மிஸ்டர் பார்க்கர் கையை உயர்த்தி அவரைத் தடுத்தார், ஆனால் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நீ கூப்பிட்டால் வருவான் என்று ஹானா என் காதுக்கு மட்டும் கேட்கச் சொன்னாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"உனக்கு ஏலாட்டி விடு பிள்ளை," என்றார் அப்பா. "ஏலுமெண்டால் நீ கூப்பிடு. அடிபட்டு ஏறுறதிலும் அது அவனுக்கு நல்லது."

பலகையில் ஏறி லொறிக்குள் போனேன். சாணமும் பயமும் மணக்கும் இருட்டு. திரும்பி நின்று கூப்பிட்டேன். "வா ராசா, வா, வா" என்றேன். ஊன்றிய கால்களை எடுத்து, தடதடவென்று பலகையில் ஏறி நேரே என்னிடம் வந்து, என் விரல்களைத் தேடி வாயில் எடுத்துக்கொண்டான். அவன் சூப்பி முடியுமட்டும் யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பிறகு விரலை உருவிக்கொண்டு பக்கத்துக் கதவால் இறங்கினேன்.

காருக்குள் ஏறிய பிறகும் அப்பா எஞ்சினைப் போடவில்லை. இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருந்தன. "நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட அண்டைக்கு பஸ்ஸடிக்கு ஆரும் வரேல்லை," என்றார். "வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்." அவ்வளவுதான். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. நான் இப்போது த்ரீ கிங்ஸில் இருக்கிறேன், அப்பாவும் அம்மாவும் கிளென் ஈடனில். ஹானா அதே பள்ளியில் ஆசிரியை. இந்த டேர்ம் முடிவு விழாவுக்கு அவள் அழைத்ததால் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். வெங்காயத் தோட்டங்கள் இருந்த இடமெல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல்நிற வீடுகள். நாங்கள் இருந்த பலகை வீட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தப் பாதையே வளைத்து வேறு திசைக்குத் திருப்பப்பட்டிருந்தது. பெடொக் இருந்த இடம் கார் நிறுத்துமிடம். மாட்டுநோய் ஒன்று பரவிய வருடத்தில் கன்றுகளை ஓரிடத்தில் கூட்டக்கூடாது என்று காஃப் டேயை நிறுத்தியது, பிறகு தொடங்கவே இல்லை, தொடங்கினாலும் கொண்டுவர இப்போது யாரிடமும் கன்று இல்லை என்றாள் ஹானா. அவர்களுடைய பண்ணையும் விற்றாயிற்று. மண்டபத்தில் பெரிய திரையில் டேர்மின் செய்திகள் காணொளியாக ஓடின. ரோபோ போட்டி, தீபாவளி நடனம், கூடைப்பந்து, எல்லாமே அழகாக இருந்தன. எழுந்து நின்று வாசிக்கிற பிள்ளை இல்லை.

திரும்பும் வழியில், நீ இந்தப் பள்ளியில் ஏதாவது பரிசு வாங்கினாயா என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். கன்றின் கதையை முதலிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பென்ரோஸ் களஞ்சியங்கள் தெரியத் தொடங்கியபோதுதான், அப்பா காருக்குள் சொன்னதைச் சொல்லி முடித்தேன். நான் சுட்டியனைக் கூப்பிட்டது சரியா பிழையா என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். அதைக் கேட்கவில்லை.

"ஏன் அம்மப்பாவுடன் யாரும் பஸ்ஸுக்கு வரவில்லை?" என்று கேட்டாள்.

"தெரியேல்லை. நான் கேக்கேல்லை," என்றேன்.

"ஒருநாளும் கேட்கவில்லையா?"

"இல்லை."

"நான் கேட்கலாமா?"

த்ரீ கிங்ஸுக்குத் திரும்புகிற சந்தியைத் தாண்டி, காரை அப்பா இருக்கும் கிளென் ஈடன் பக்கமாக ஓட்டினேன்.