பதினெட்டு நடக்கு

மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் எனக்கு நர்ஸ் வேலை. சீட்டு எழுத உட்கார்ந்தால், கேட்ட கேள்விக்குப் பதில் முடியுமுன் பேனா ஓடிவிடும். அந்த அவசரத்தைச் சாமர்த்தியம் என்று வேறு நினைத்திருந்தேன்.

அன்று காலை ஓர் அம்மா தன் மகளைக் கூட்டி வந்தாள். மகள் கழுத்தில் புதுத் தாலி. மூன்று மாதக் கர்ப்பம். வயது கேட்டேன். "பதினெட்டு நடக்கு" என்றாள் அம்மா. பதினெட்டு என்று எழுதி, இருவரையும் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன்.

அடுத்து ஒரு தாத்தா. "எழுபத்தஞ்சு நடக்கு மக்ளே. நெறஞ்சது எழுபத்துநாலுதான். கூட்டி எழுதிக் கெழவனாக்கிராத" என்று சிரித்தார்.

ஓடிக்கொண்டிருந்த பேனா நின்றது. பதினெட்டு நடக்கிறது என்றால் முடிந்தது பதினேழுதானே! பதினெட்டு நிறையாத பெண் கர்ப்பமாக வந்தால், கழுத்தில் தாலியே இருந்தாலும், போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் எங்களுக்கும் தண்டனை உண்டு.

லேபுக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழுதுனது எழுதுனபடி கெடக்கட்டும் மக்ளே. ஆறு மாசத்துல நெறஞ்சிரும். மாப்பிள்ளையப் பிடிச்சு உள்ள போட்டா இவளுக்கு ஆரு உண்டு?"

சீட்டை அப்படியே விட்டுவிடலாமா என்று ஆசைப்பட்டதை ஒளிக்க மாட்டேன். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வராந்தாவில் நடந்தேன். அம்மா தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"இந்தக் கல்யாணம் ஒனக்கு இஷ்டமா இருந்துதா?"

"அத ஆரும் எங்கிட்ட கேக்கல்ல அக்கா. பிளஸ் டூ பாதியில நிப்பாட்டிட்டாவ."

நேரே டாக்டரிடம் போய் என் தப்பைச் சொன்னேன். வயதை அடித்துப் பதினேழு என்று எழுதினேன். அவர் போலீசுக்குப் போன் செய்தார். மதியம் சாதாரணச் சேலையில் ஒரு பெண் போலீஸ் வந்தார்.

"ஒரு குடும்பத்தக் கெடுத்திட்டியே, நீ நல்லாருப்பியா?" என்று அம்மா அழுதாள். அது இன்னும் சுடுகிறது. செய்தது சரிதான் என்று தெரிந்தும் சுடுகிறது.

போலீசோடு காரில் ஏறப்போன மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அக்கா, பரீட்சை எழுத விடுவாவளா..."

"விடுவாவ" என்றேன், வழக்கம்போல, அவள் கேட்டு முடிக்குமுன்பே.