டைல்ஸ் முடியும் இடம்

அந்த நாலு மாடித் துணிக்கடையின் வாசலில் ஒன்பது வருஷமாகக் காவலுக்கு நிற்பவளைக் கடைப் பெண்கள் 'டெலீட் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். யாராவது படம் எடுத்தால் கையை நீட்டி செல்போனை வாங்குவாள். படத்தை அழிப்பாள். அழித்தது குப்பையில் கிடந்தால் அதையும் தேடிக் காலி செய்துவிட்டுத்தான் திருப்பித் தருவாள். ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள், அதிர்ந்து பேச மாட்டாள். ஆனாலும் அந்த நீலச் சட்டையைப் பார்த்ததும் எல்லோரும் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு கல்லூரிப் பெண் மட்டும் கொடுக்கவில்லை. "உங்க இடம், வெளிய போகச் சொன்னா போயிடறேன். அழிக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லக்கா. ரோட்டுல நின்னு எடுத்தா போகச் சொல்லக்கூட முடியாது" என்றாள். டெலீட் அக்கா இதை மேனேஜரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "நீ எப்பம்மா வக்கீலுக்குப் படிச்சே?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அன்று மத்தியானம் வாசல் படியில் ஒரு பெரியவர் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார். கேமராவில் பார்த்துவிட்ட மேனேஜரின் குரல் வாக்கிடாக்கியில் வந்தது: "அழிக்க வை." பழகிய கை தானாக நீண்டது. வாங்கினாள், அழித்தாள், குப்பையையும் காலி செய்தாள்.

பெரியவர் சண்டை போடவில்லை. "என் சம்சாரம் இந்தப் படியிலதாம்மா விழுந்தா. இடுப்பெலும்பு போச்சு, படுத்த படுக்கையா கெடக்கறா. கைப்பிடி இருந்துச்சுன்னு சாதிக்கறாங்க. நாளைக்குப் புதுசு மாட்டப் போறாங்களாம். அப்புறம் நான் கோர்ட்ல எதைக் காட்டுவேன்?"

அவள் படியைப் பார்த்தாள். கைப்பிடி இருந்த இடத்தில் நாலு ஓட்டைகள். கழன்று விழுந்த குழாயைப் போன மாதம் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டதே அவள்தான்.

"என்கூட வாங்கய்யா."

முழங்கையைப் பிடித்து இறக்கினாள். பார்த்தவர்களுக்கு வெளியேற்றுவது போலத்தான் இருந்திருக்கும். டைல்ஸ் முடிந்து தார் ரோடு தொடங்கும் இடத்தைத் தாண்டி நிறுத்தினாள். "இங்கயே நில்லுங்க. நாலு மணிக்கு வெயில் நேரா படியில விழும். ஓட்டை பளிச்சுனு தெரியும்."

"மேகமா இருக்கேம்மா."

"ஒம்போது வருஷமா இந்த வெயில்லதான் வேகறேன். என்னைத் தேடி வரும்."

வந்தது. பெரியவர் எடுத்தார். மேனேஜர் மூச்சிரைக்க இறங்கி வந்தார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? போனை வாங்கு."

அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அவரு ரோட்ல நிக்கிறாரு சார். அழிக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்ல."

மறுநாள் படிக்குப் புதுக் கைப்பிடி வந்தது. அவளைப் பின்பக்கச் சரக்கு வாசலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே படம் எடுக்க யாரும் வருவதில்லை.

பெரியவர் மட்டும் ஒரு நாள் விசாரித்துக்கொண்டு வந்தார். நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தக் குழாயைத் தூக்கிட்டுப் போனது நான்தான்யா. எங்க வந்து சொல்லணும்?"