பொட்டு வைத்த போல்ட்டு

எங்க தோட்டத் தலைவர் சின்னத்தம்பி கையில நான் குடையைப் பார்த்திருக்கேன், போனைப் பார்த்திருக்கேன், மாலையைப் பார்த்திருக்கேன். மம்பட்டியை மட்டும் பார்த்ததில்ல. தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன மொத வாரமே இடுப்பு புடிச்சிக்கிச்சாம். அன்னையிலேருந்து சங்கத் தலைவரு. அந்த இடுப்பு தொரை பங்களா வாசல்ல மட்டும் நல்லா வளையும்.

நாங்க குடியிருக்குற லயத்துக்கும் தேயிலை மலைக்கும் நடுவுல ஆத்துக்கு மேல ஒரு தொங்கு பாலம். கொழுந்து மூட்டையோட பொம்பளைங்க நாங்கதான் நித்தமும் அதுல போறவங்க. கம்பியைத் தூண்ல புடிச்சிருந்த போல்ட்டெல்லாம் துருப்புடிச்சிப் போக, தோட்டத்துல ஒரு பெட்டி புதுசு எறக்குனாங்க. "போலியும் வருதுங்க, ரெண்ட இழுத்துப் பார்த்துட்டுப் பூட்டுங்க"ன்னு மஸ்கெலியா ஹாட்வெயார் கடை ஸஜ்ஜாத் சொன்னாரு. தலைவரே வெள்ளைச் சட்டையப் போட்டுக்கிட்டு, பெட்டியிலேருந்து ரெண்ட எடுத்துக்கிட்டு, கண்டியில இரும்பு சோதிக்கிற எடத்துக்குக் கெளம்பிட்டாரு.

அங்க மெஷின்ல மாட்டி இழுத்தாங்களாம். இரும்பு கொஞ்சம் இழுத்தா நீளும், விட்டா பழையபடி சுருங்கும். ஒரு எல்லை தாண்டிட்டா நீண்டது நீண்டதுதான். எவ்வளவு பாரத்துல அந்த எல்லை வருதுன்னு பார்க்குறதுதான் சோதனை. மொத போல்ட்டு எல்லை தாண்டி, இன்னும் இழுக்க, டப்புன்னு அந்துபோச்சு. "அடுத்ததையாவது முழுசாக் குடுங்க தம்பி"ன்னு தலைவர் கெஞ்ச, மெஷின்காரரும் எல்லை தாண்டுனதோட நிறுத்திக் கழட்டிக் குடுத்தாரு. "ரெண்டும் தாங்க வேண்டிய பாரத்தத் தாங்கிருச்சு, பாஸு. பெட்டியில உள்ளதத் தாராளமாப் பூட்டுங்க"ன்னாரு. பாஸுன்னதும் தலைவர் கெளம்பிட்டாரு, மிச்சத்த யாரு கேட்டா.

முழுசா வந்த அந்தப் போல்ட்ட மாரியம்மன் கால்ல வச்சு, சந்தனப் பொட்டு வச்சு, தாம்பாளத்துல ஏந்திக்கிட்டு பாலத்துக்கு வந்தாரு. "பாஸான போல்ட்டு இது. பெரிய தூண்ல இதத்தான் பூட்டணும். பெட்டியில கெடக்குறதெல்லாம் பரீட்சையே எழுதாதது."

ஃபிட்டர் மூக்கன் பூட்டப் பார்த்தாரு. நட்டு பாதியில இறுகிக்கிச்சு.

"அடிச்சு ஏத்துய்யா"ன்னாரு தலைவர்.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. விழுந்தா ஆத்துல போறது நாங்கதானே. "கண்டிக்குப் போன் போடுங்க தலைவரே"ன்னேன். ஊரே தன் பெருமையைக் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்லயே போட்டாரு.

"ஐயோ, அத ஏங்க பூட்டுறீங்க?"ன்னாரு மெஷின்காரரு. "அது நீண்டுபோச்சு. நட்டு ஏறுற திருகுப் புரியும் சேந்து நீண்டிருச்சு, அதான் ஏறல. தூக்கிப் போட்டுட்டுப் பெட்டியில உள்ளதப் பூட்டுங்க."

தலைவர் போனை அமத்திட்டாரு. "அவன் கெடக்கான். சாமி கால்ல வச்சது, இருக்கட்டும்."

"சரி, இருக்கட்டும்"னேன் நான். "மொதல்ல நீங்க நடந்து காட்டுங்க. என் கொழுந்து மூட்டையையும் தர்றேன், தூக்கிக்கிட்டுப் போங்க."

தலைவர் ஆத்தைப் பார்த்தாரு. மழைத்தண்ணி பாறையில மோதிக்கிட்டுப் போச்சு. அப்புறம் மூக்கன் கையிலேருந்து ஸ்பேனரை வாங்கி, மண்டிபோட்டு, தானே கழட்ட ஆரம்பிச்சாரு. இறுகுன நட்டு லேசுல வரல. வேர்த்து விறுவிறுத்து அவரு வேலை செய்யிறத லயமே நின்னு பார்த்துச்சு. இடுப்புக்கு ஒன்னும் ஆகல.

அந்தப் போல்ட்டு இப்ப கோயில்ல இருக்கு. வெள்ளிக்கெழம தவறாம பொட்டு வைக்கிறாரு. பாலத்தக் காப்பாத்துறதே அதுதானாம். நாங்க பொட்டு வைக்காத போல்ட்டுங்கள நம்பி, மூட்டையோட போய் வந்துகிட்டிருக்கோம்.