இரைச்சல் என்று கழிக்கப்பட்ட பாட்டுகள்

அந்த ஆங்கிலேய ராக் குழுவில் நான்கு பேர். இங்கிலாந்தின் வடக்கில் ஏதோ ஒரு சிறிய ஊர்க்காரர்கள். எந்த ஊரில், எந்த மேடையில், எந்தப் பாட்டை எத்தனையாவதாக வாசித்தார்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அதை மேலிருந்து கீழே படித்தாலே அவர்களுடைய கதை விளங்கும். முதலில் மதுச்சாலைகளின் பின்னறைகள். பிறகு பெரிய மண்டபங்கள். சில கோடைகாலங்களில் திறந்தவெளி விழாக்களின் கடைசி நிகழ்ச்சி அவர்களுடையது. அதன் பின் மண்டபங்கள் மறுபடி சிறுத்தன.

இசைத்தட்டில் அவர்கள் சாதாரணம்தான். மேடையில் டிரம்ஸ்காரர் ஒவ்வொரு பாட்டையும் சற்று வேகமாகத் தொடங்கிவிடுவார், மற்றவர்கள் துரத்திப் பிடிப்பார்கள். கடைசிப் பாட்டின் நடுவில் பாடகர் வாயை மூடிக்கொள்வார். மிச்சத்தைக் கூட்டம் பாடி முடிக்கும்.

"ரெக்கோர்டிங் எல்லாம் பூசைக்குப் போற உடுப்பு மச்சான். மேடையிலதான் அவனுங்க வீட்டு உடுப்போட நிக்கிறானுங்க" என்பாள் என் சிநேகிதி. கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் கிற்றார் வாசித்தவள். தொழில்நுட்பக் கல்லூரியில் பக்கத்து மேசை. நானும் பெண்தான், ஆனாலும் அவளுக்கு மச்சான். என் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம், "நீ பாட்டுக் கேக்குறியா, வரவு இடாப்பு மார்க் பண்றியா?" என்று கேட்பாள்.

மேற்படிப்புக்கு லண்டன் போனாள். இரண்டு வருடம், பிறகு திரும்பி வந்து நாங்கள் இருவரும் ஒரு சின்ன ஒலிப்பதிவு அறை தொடங்குவது என்று பேச்சு. அதற்காகப் பாமன்கடையில் ஒரு மாடியறையை எடுத்து, எதிரொலி அடங்கச் சுவர்களுக்கு ஸ்பொஞ்ச் ஒட்டினேன். நான்கு சுவருக்கும் ஐந்து வார இறுதிகள் போயின.

அவள் வர நான்கு மாதம் இருக்கையில் குழு கலைவதாக அறிவித்தது. கடைசி நிகழ்ச்சி ஒரு கோடை விழாவில், பிற்பகல் மூன்று மணிக்கு. ஒரு காலத்தில் விழாவை முடித்து வைத்தவர்களுக்கு, ஆட்கள் புல்லில் படுத்துக் கிடக்கும் நேரம். அவளுக்கு ரிக்கெட் கிடைத்தது. வீடியோ அழைப்பில் எனக்கும் காட்டுவதாகச் சொன்னாள். நான் ஏழு விடயங்கள் எழுதி அனுப்பினேன்: முழு சார்ஜ், மழை அங்கி, ஒலிக் கலவைக் கூடாரத்துக்கு முன்னால் நிற்பது, இப்படி.

அங்கே மூன்று, இங்கே இரவு ஏழரை. வெள்ளவத்தையில் எங்கள் வீடு ரயில் பாதையோரம் என்பதால் பாமன்கடை அறைக்குப் போய், ஹெட்போனைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"கேக்குதா?" என்று கத்தினாள்.

"ஓம், கேக்குது."

அவள் குரல் கேட்டது, இசை கேட்கவில்லை. டிரம்ஸ்காரரின் கைகள் தெரிந்தன, சத்தம் வரவில்லை. பம்பலப்பிட்டியில் நான் செய்யும் வேலையே இதுதான். அழைப்புச் செயலிகள் பக்கத்தில் இருக்கும் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் இரைச்சல் என்று கழித்துவிடும். ஓட்டோ, ஜெனரேற்றர், காகம் எல்லாம் சரியாகக் கழிகிறதா என்று நாள் முழுக்கப் பரிசோதிப்பவள் நான். அந்தக் கழிப்பை நிறுத்தும் தெரிவு அவளுடைய தொலைபேசியில் இருந்தது. எட்டாவது விடயம். எழுத மறந்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் பாடத் தொடங்கியிருந்தாள். அவளை நிறுத்தி எதையும் தேடச் சொல்ல மனம் வரவில்லை.

முக்கால் மணி நேரம் அவளுடைய குரல் மட்டும் வந்தது. சுருதி விலகி, மூச்சு வாங்கி, துணைக்கு ஒரு வாத்தியமும் இல்லாமல்.

கடைசிப் பாட்டில் பாடகர் வாயை மூடினார். புல்வெளி முழுக்க வாய்கள் திறந்தன. என் காதில் ஒன்றுமில்லை. கூட வந்திருந்த அறைத்தோழி அவள் பக்கம் குனிந்து ஏதோ கேட்டது தெரிந்தது. அந்தக் கேள்வியும் கழிந்து போனது. பதில் மட்டும் வந்தது.

"இல்ல, இன்னும் சொல்லல. வேலை கிடைச்சது, திரும்பிப் போகப்போறதில்லங்கிறது, ஒண்ணுமே சொல்லல. அவ அங்க ரூமுக்கு ஸ்பொஞ்ச் எல்லாம் ஒட்டி வச்சிருக்கா. எப்படிச் சொல்றது?"

அத்தனை சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பாள். அந்த நாள் முழுவதிலும் ஆகத் தெளிவாக வந்தது அதுதான்.

முடிந்ததும் முகத்தைக் காட்டினாள். மை கரைந்திருந்தது. "கேட்டுச்சா மச்சான்? கடைசிப் பாட்டு?"

"ஓம். எல்லாம் கேட்டது."

"நீ அழல்லயா? கல்லுடி நீ."

"உனக்கு மூக்கு ஒழுகுது. முதல்ல துடை."

மூன்று வாரம் கழித்து அவளாகவே அழைத்துச் சொன்னாள். நான் புதிதாகக் கேட்பவளைப் போலக் கேட்டேன். என்ன வேலை, எந்தப் பக்கம், பஸ்ஸா ரயிலா. "ஏசு மச்சான், ஏதாவது ஏசு" என்றாள். வாழ்த்துச் சொன்னேன்.

பட்டியலின் கடைசி வரிசையில் ஊரும் நேரமும் இருக்கின்றன. பாட்டுகளுக்கான கட்டங்கள் வெறுமை. இணையத்தில் யாராவது போட்டிருப்பார்கள், நான் தேடவில்லை. அறையைத் திருப்பிக் கொடுக்க நினைத்து ஸ்பொஞ்சைப் பிய்க்கத் தொடங்கினேன். பசையோடு சுவரின் பெயின்ற்றும் சேர்ந்து வந்தது. ஒரு சுவர் முடிந்ததும் அறை எதிரொலிக்கத் தொடங்கியது. மற்ற மூன்றும் இன்னும் அப்படியே இருக்கின்றன.