மைக்கைத் தாழ்த்தியவர்

என் அப்பா மைக் செட் போட்டார். சங்கரன்கோவில் வட்டாரத்தில் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அவர்தான். குட்டையான தலைவர் பேச எழுந்தால், அப்பா குனிந்தபடியே ஓடிப்போய் மைக்கைத் தாழ்த்திவிட்டு, குனிந்தபடியே திரும்புவார். ஜனங்களுக்குத் தலைவரை மறைத்துவிடக் கூடாதே என்று. அப்படி ஒரு வெளியூர்க் கூட்டத்தில் தாழ்த்திக்கொண்டிருந்தபோதுதான் தலைவரைச் சுட்டார்கள். முதல் குண்டு அப்பா மேல் பாய்ந்தது. இன்று தலைவருக்குச் சிலை இருக்கிறது. அப்பாவைப் பேப்பரில் 'மேலும் ஒருவர்' என்று போட்டார்கள்.

போன மாதம் டிவியில் ஒரு தொடர். கதாநாயகன் பழைய காலத்துக்குப் போய், நடந்து முடிந்த கேடுகளைத் தடுப்பான். ஒரு வாரம் அந்தக் கொலைதான் கதை என்று விளம்பரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். ஏன் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மேடை அச்சு அசலாக இருந்தது. மைக் செட்காரரும் வந்தார், கழுத்தில் துண்டோடு. ஆனால் அவர் மைக்கைத் தாழ்த்தியதுதான் கொலைகாரனுக்குச் சைகையாம். கதாநாயகன் தலைவரை இழுத்துக் காப்பாற்றிவிட்டு, மைக் செட்காரர் நெஞ்சில் எட்டி மிதித்தான். முடிவில் 'யாவும் கற்பனை' என்று எழுத்து ஓடியது.

தொடர் எடுத்தவர்களுக்குத் தலைவர் பெயரை மாற்றத் தெரிந்தது, கொடியின் நிறத்தை மாற்றத் தெரிந்தது. துரோகி வேண்டும் என்றதும் கைக்கு அகப்பட்டவர் எங்கள் அப்பாதானா? கேட்க நாதியில்லாத வீடு என்ற தைரியம்தானே?

அதற்குள் ராயகிரியிலிருந்து பெரியம்மா மகன் போன் செய்தான். அப்பாவின் பாடையைத் தூக்கியவன்.

"ஏட்டி, சித்தப்பாவுக்கு உள்ளபடியே அதுல பங்கு உண்டுமா?"

இனி இந்த வீட்டுப் படி ஏறாதே என்று சொல்லி போனை வைத்தேன். நாளை தெருவில் எத்தனை பேர் கேட்பார்கள்! டிவிக்காரன், எழுதினவன், நடித்தவன் என்று ஒருவர் பாக்கியில்லாமல் திட்டித் தீர்த்தேன். டிவியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு அம்மா சொன்னாள்:

"அந்தக் காலத்துக்கு அம்புட்டுத் தூரம் போனவன், ஒங்க அப்பா பக்கத்துலதான நின்னான். கொஞ்சம் தள்ளி நில்லும் அண்ணாச்சின்னு ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."