காலால் அழித்த பந்துத் தடம்

போன வருடம் பொங்கல் கழிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. பாளையங்கோட்டையில் பெண்களுக்கான தொழில்முறை டென்னிஸ் போட்டி நடந்துகொண்டிருந்தது. ஒற்றையர் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்துக்கு எங்கள் விக்கிரமசிங்கபுரத்துப் பெண் ஒருத்தி வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அதை ஜெயித்தால் பிரதான சுற்றில் ஆடலாம். வெவ்வேறு ஊர்களில் ஏழு முறை இதே படி வரை ஏறி, ஏழு முறையும் தோற்றுத் திரும்பியவள் அவள்.

எனக்கு வயது எழுபத்து நான்கு. அணையில் நீர்மட்டம் குறிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். எதையும் எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. நான் நோட்டை எடுத்துப் பையில் வைத்ததைப் பார்த்து, "டென்னிஸ் பாக்கப் போறியளா, பந்து எண்ணப் போறியளா?" என்று கேட்டாள் மனைவி.

காலை ஆறு ஐம்பது பஸ். வழியெல்லாம் கவலைதான். மாத்திரை எடுத்தேனா என்று மூன்று முறை பையைத் தடவினேன். மழை வந்து ஆட்டத்தைக் கெடுத்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு துளிகூட விழவில்லை.

செம்மண் மைதானம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் பார்வையாளர்கள் பதினான்கு பேர். அதில் ஒருவர் மட்டும் நாற்காலியை மைதானத்துக்கு முதுகு காட்டிப் போட்டு, ஒரு புங்கமரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். விசாரித்தேன். அந்தப் பெண்ணின் அப்பா. மில்லில் வேலை பார்த்தவர்.

"நான் பாத்தா அவ தோத்துருவா அண்ணாச்சி. ஒம்பது வருசமா கூட்டிக்கிட்டு அலையுதேன். ஒரு பந்துகூடப் பாத்ததில்ல" என்றார். பிறகு என் நோட்டைக் கவனித்து, "நீங்க எழுதுதியளா? அப்ப எனக்குப் பையக் காதோரமாச் சொல்லிக்கிட்டே இருங்க" என்றார்.

அப்படித்தான் நான் அவருக்குக் கண் ஆனேன். அணையில் நீர்மட்டம் எழுதியவன் என்றும் சொல்லிவைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

முதல் செட் போனது, நான்குக்கு ஆறு. நம் பெண் இரண்டு சர்வீஸையும் தவறவிட்டுப் பாயிண்டைக் கொடுத்த டபுள் ஃபால்ட் மட்டும் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் அவர் மரத்தைப் பார்த்தபடியே தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டாவது செட் ஆறுக்கு மூன்று, நமக்கு! மூன்றாவதாக முழு செட் கிடையாது. டை-பிரேக்தான். யார் முதலில் பத்துப் பாயிண்ட் எடுத்து, இரண்டு பாயிண்ட் முன்னால் நிற்கிறாரோ அவருக்கு வெற்றி. நோட்டில் இரண்டு பத்தி பிரித்தேன். நம் பெண்ணுக்கு இடப்பக்கம், வடக்கேயிருந்து வந்திருந்த எதிராளிக்கு வலப்பக்கம். பாயிண்டுக்கு ஒரு குச்சி.

நான்கு நான்கு, ஆறு ஆறு. எட்டுக்கு ஏழு, நம் பெண் முன்னால்! எதிராளி சர்வீஸ். இருபத்தோராவது அடியில் பந்து நம் பெண்ணின் பின்கோட்டருகே, எனக்குப் பத்தடி தூரத்தில் விழுந்தது. அவள் விரலை உயர்த்தினாள். அவுட்! இந்தச் சுற்றில் கோட்டு நடுவர்கள் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்துக்கு அவரவரே சொல்ல வேண்டும். நான் குச்சியைப் போட்டேன். அவள் குனிந்து தரையைப் பார்த்ததும், காலால் மண்ணைத் தேய்த்ததும் தெரிந்தது. மண்ணைச் சமன் செய்கிறாள் என்று நினைத்தேன்.

"எத்தனை அண்ணாச்சி?"

"ஒன்பது ஏழு! இன்னும் ஒன்றே ஒன்று!"

அவர் மரத்தைக் கட்டிப்பிடிக்காத குறை.

எதிராளி அடுத்த சர்வீஸுக்கு நின்று, எட்டு எட்டு என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. எழுந்து வேலியைப் பிடித்துக்கொண்டு, "தப்பு! ஒன்பது ஏழு! எழுதி வைத்திருக்கிறேன்!" என்று கத்தினேன். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மொழி புரியாத அந்தப் பெண் பந்தைக் கையில் வைத்தபடி விழித்தாள். அவள் முகம் வெளுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

மூன்று மைதானங்களுக்கும் பொதுவான நடுவர் அம்மா ஓடி வந்தார். நான் நோட்டை நீட்டினேன். "சார், பாக்க வந்தவங்க கணக்கை நாங்க எடுக்க முடியாது. உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, நம் பெண்ணிடம் கேட்டார்.

இப்போது அப்பாவும் திரும்பிவிட்டார். பதினான்கு பேரும் அவள் வாயைப் பார்த்தோம். ஒன்பது ஏழு என்று அவளும் சொன்னால் அந்தப் பாயிண்டை மறுபடி ஆடச் சொல்வார்களாம்; பின்னால் தெரிந்துகொண்டேன். அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எட்டு எட்டுதான் மேடம்" என்றாள். பிறகு வேலியருகே வந்தாள்.

"தாத்தா, பந்து கோட்டைத் தொட்டிருக்கு. நான்தான் தப்பா விரலைத் தூக்கிட்டேன். தடத்தைப் பாத்துட்டுக் காலால அழிச்சேம்லா, பாக்கலியா? அழிச்சாப் பாயிண்ட் அவளுக்குன்னு அர்த்தம்."

நான் உட்கார்ந்தேன். வலப்பக்கம் ஒரு குச்சி போட்டேன்.

அவளுடைய அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணாச்சி, அணையில தண்ணி ஏறிச்சா எறங்கிச்சான்னும் இப்படித்தான் எழுதினியளோ? போதும் வே. இனிமே நானே பாத்துக்கிடுதேன்" என்றார். நாற்காலியை மைதானத்துப் பக்கம் திருப்பிப் போட்டார்.

அடுத்த பாயிண்டை நம் பெண் தோற்றாள். எட்டுக்கு ஒன்பது. என் கூச்சல்தான் அவள் கவனத்தைக் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். இன்னும் ஒன்று போனால் எட்டாவது முறையும் அதே கதை. சர்வீஸ் அவளுடையது. முதல் பந்து வலையில். அப்பா என் முழங்கையைப் பிடித்தார். "திரும்பிரட்டுமா அண்ணாச்சி? என்னாலதான் போவுது."

"திரும்பாதீரும்!" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ தெரியாது.

இரண்டாவது சர்வீஸ் உள்ளே விழுந்தது. பந்து அங்கும் இங்கும், அங்கும் இங்கும். இருபத்தேழு அடி வரை எண்ணினேன். அவர் நகம் கையில் பதிந்ததில் எண்ணிக்கை தவறியது. எதிராளியை முன்னால் இழுத்து, அவள் தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள் நம் பெண். பந்து மூலையில் விழுந்தது. எதிராளி தடத்தைப் போய்ப் பார்த்தாள். காலால் அழித்தாள்!

ஒன்பது ஒன்பது. இருவரும் பக்கம் மாறினார்கள். அடுத்து சர்வீஸிலேயே ஒரு பாயிண்ட், பத்து ஒன்பது. அதற்கடுத்தது, கோட்டை ஒட்டி ஒரே அறை. பதினொன்று ஒன்பது!

நான் குதித்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு குதித்தேன். நோட்டு எங்கோ விழுந்தது. அவள் கைகுலுக்கிவிட்டு வேலியை நோக்கி ஓடி வந்தவள், அப்பாவின் நாற்காலி தன் பக்கம் திரும்பியிருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள்.

"யப்பா, பாத்தீங்களா?"

"கடைசி நாலு பாத்தேம்மா" என்றார். கீழே கிடந்த என் நோட்டை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். "நல்லவேளை, தப்பா எழுதினிய அண்ணாச்சி."

மறுநாள் பிரதான சுற்றில் முதல் ஆட்டத்திலேயே அவள் தோற்றாள், ஐம்பத்தெட்டு நிமிடத்தில். அன்றும் போயிருந்தேன். அவர் நாற்காலி முதல் பந்திலிருந்தே மைதானத்தைப் பார்த்துத்தான் இருந்தது.

அந்த டை-பிரேக்கில் ஆடியது இருபது பாயிண்ட். என் நோட்டின் அந்தப் பக்கத்தைக் கூட்டினால் இன்றும் இருபத்தொன்று வருகிறது. தப்பான அந்தக் குச்சியை நான் அடித்து நீக்கவில்லை. எழுதியிருக்கிறேன் என்று யாரிடமாவது எகிறப் போகும்போதெல்லாம், விரல் உயர்ந்ததை மட்டும் பார்த்துவிட்டுக் கால் செய்ததைப் பார்க்காமல் போன அந்த நிமிடம் நினைவுக்கு வந்து என்னைப் பையப் பிடித்து உட்கார வைக்கிறது.