உம்மா தீர்த்த அயர்லாந்து வழக்கு

அயர்லாந்து எந்தத் திசையில் இருக்கிறதென்று என் உம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நாட்டு அண்ணன் தங்கை சண்டை ஒன்றுக்கு ஷார்ஜாவில் நின்றபடியே தீர்ப்புச் சொல்லியிருக்கிறாள்.

தங்கைக்காரி எங்கள் எதிர் ஃப்ளாட். நாடு நாடாகப் போய்ப் போர்ச் செய்திகள் எழுதியவள். கடைசியாகத் துபாயில் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் இருந்தாள்; அதையும் உதறிவிட்டு வீட்டில் உட்கார்ந்து தன் வாழ்க்கைக் கதையை எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். ஏசி நன்றாக இருக்கும், ஏனென்று கேட்க ஆளில்லை.

ஒரு நோன்பு மாதத்தில் அவள் அண்ணன் விமானம் ஏறி வந்துவிட்டார். அவர்கள் அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததை அவள் ஓர் அத்தியாயமாக எழுதியிருந்தாள். அதை எடுத்துவிடு என்பது அவர் கட்டளை. அப்பா வீட்டைப் பற்றிப் பேச உனக்கென்ன உரிமை என்று அவர் கத்த, பார்த்ததை எழுதுவேன் என்று இவள் கத்த, நான் சோபா மூலையில் ஒடுங்கிப்போனேன்.

அந்த நேரம் பார்த்து உம்மா நோன்புக் கஞ்சியோடு வந்து நின்றாள்.

“என்னடி சத்தம்?”

“இவங்க வாப்பா வீட்டுப் பிரச்சினைம்மா. தனக்குத்தான் உரிமைன்னு காக்கா சொல்றாங்க.” அப்பாவை நாங்கள் வாப்பா என்போம், அண்ணனைக் காக்கா என்போம். பத்து வயது மொழிபெயர்ப்பாளருக்கு அவ்வளவுதான் முடிந்தது.

காயல்பட்டினத்துக்காரிக்கு அது போதாதா? எங்கள் ஊரில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். மகன்மார் தத்தம் மனைவி வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான். உலகம் முழுக்க இதுதான் வழக்கம் என்று உம்மா நம்பியிருந்தாள்.

“வாப்பா வீடு பொம்பளப் புள்ளைக்கு உள்ளது. காக்காமாருக்கு அதுல என்ன பேச்சு? சொல்லுடி!”

நான் ஆங்கிலத்தில் வார்த்தை தேடினேன். உம்மா என்னை நம்பிப் பயனில்லை என்று அவரிடமே போனாள். “ஹவுஸ், சிஸ்டர். யூ, மாஃபி. கலாஸ்!” அரபியில் மாஃபி என்றால் இல்லை, கலாஸ் என்றால் முடிந்தது.

எதிர் ஃப்ளாட்காரி என்னிடம் விளக்கம் கேட்டாள். சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அண்ணன்காரர் வேறு வழி தெரியாமல் கஞ்சியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். புத்தகம் அந்த அத்தியாயத்தோடுதான் வந்தது.

உம்மாவின் அறியாமையை வருஷக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். லீவுக்கு ஊர் போனால் நாங்கள் மட்டும் ஏன் வாடகை வீட்டில் தங்குகிறோம் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. வளர்ந்த பிறகுதான் தெரிந்தது: உம்மாவுக்கென்று இருந்த வீட்டை, அவள் கல்யாணமான புதிதில், என் பெரிய மாமா தன் வியாபாரத்துக்காக விற்றுவிட்டார். உடன்பிறந்தவராயிற்றே என்று உம்மா அவரிடம் வாய் திறக்கவே இல்லை.

குடும்ப மானம் போகும், இதையெல்லாம் எழுதாதே என்று மாமா ஆள் விட்டிருக்கிறார். எழுதிவிட்டேன், மாமா. அன்று உம்மா அந்த அயர்லாந்துக்காரரிடம்தான் கத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.